பிடுங்கிய பல்லுக்குப் பதில் இம்ப்ளாண்ட்: முதல் தடவை போகிறவர்களுக்கு

என் அம்மாவுக்குக் கீழ்த் தாடையில் வலது பக்கக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது, "வலி போச்சு, அது போதும்" என்றார். சிரித்தால் வெளியே தெரியாத பல், மெல்லுவதற்கு இடது பக்கம் இருக்கிறது, ஏற்கெனவே ரூட் கேனல் செய்து தோற்றுப்போன பல்லுக்கு இன்னும் எவ்வளவு செலவழிப்பது என்று நாங்களும் விட்டுவிட்டோம். நான்கு வருடம் கழித்து இடது பக்கமும் கூச ஆரம்பித்தபோதுதான் மறுபடி டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்தால், பிடுங்கிய இடத்துக்கு நேர் மேலே இருந்த பல் எதிரே தாங்க ஆளில்லாமல் கீழே இறங்கியிருந்தது, பின்னால் இருந்த பல் காலி இடத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது, நடுவில் எலும்பு கத்தி முனை மாதிரி மெலிந்துபோயிருந்தது. "பிடுங்கின மூணு மாசத்துல வந்திருந்தீங்கன்னா வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்மா" என்றார் டாக்டர்.

அதனால் பல் பிடுங்கப் போகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: பிடுங்குகிற அன்றைக்கே, முடிந்தால் அதற்கு முன்பே, "இந்த இடத்தில் அடுத்து என்ன வைக்கப் போகிறோம்?" என்று கேட்டுவிடுங்கள். பல்லைத் தாங்குவதற்காகவே இருக்கிற எலும்பு, பல் போனதும் கரையத் தொடங்குகிறது. முதல் ஒரு வருடத்தில் அதன் அகலத்தில் ஏறத்தாழ பாதி வரை போய்விடலாம், அந்த இழப்பில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடும். இம்ப்ளாண்ட் நிற்பது அந்த எலும்பில்தான். யோசிக்க நேரம் வேண்டும், பணம் சேர்க்க வேண்டும் என்றால், பிடுங்கிய குழியிலேயே எலும்புத் தூள் வைத்துத் தைத்து இடத்தைக் காப்பாற்றி வைக்க முடியும். பின்னால் வரும் பெரிய செலவை அது பல சமயம் தவிர்க்கும்.

இம்ப்ளாண்ட் என்றால் என்ன என்று சுருக்கமாக. எலும்புக்குள் போகிற டைட்டானியம் ஸ்க்ரூ ஒன்று, கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் 4 முதல் 5 மி.மீ. தடிமன், 8 முதல் 12 மி.மீ. நீளம். அதன் தலையில் பொருத்துகிற அபட்மென்ட் என்கிற சின்னத் துண்டு. அதற்கு மேல் பல் வடிவத்தில் கேப். மூன்றும் தனித்தனிப் பொருள்கள், இது பில்லைப் படிக்கும்போது உதவும். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானெமார்க். 1952-இல் முயல் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க ஒரு டைட்டானியக் கருவியை வைத்தார், ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால் அது எலும்போடு இறுகி வரவே மறுத்தது. 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதல் முறையாகப் பல்லுக்காகப் பொருத்தினார், அவர் 2006-இல் இறக்கும்வரை நாற்பது வருடம் அந்த இம்ப்ளாண்டுகள் உழைத்தன. இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்க்ரூவை முடுக்குவது ஒரு மணி நேர வேலை. எலும்பு அதைப் பிடிப்பதுதான் சிகிச்சை, அதற்கு மாதக்கணக்கில் ஆகும். டாக்டர் கேட்கிற கேள்விகள், சொல்கிற தடைகள், காக்க வைக்கிற நாட்கள் எல்லாமே அந்த எலும்புக்காகத்தான்.

இம்ப்ளாண்ட்தான் வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஒரு பல் போயிருந்தால் மூன்று வழி இருக்கிறது. கழற்றி மாட்டுகிற பல் செட் விலை குறைவு, ஆனால் ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்கு அதைத் தினமும் போட்டுக்கொள்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, டம்ளரில்தான் கிடக்கிறது. பிரிட்ஜ் என்பது இரண்டு பக்கத்துப் பற்களையும் தூணாக வைத்து நடுவில் பல் கட்டுவது. இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும், ஆனால் அந்த இரண்டு பற்களையும் சுற்றிலும் சீவ வேண்டும். அந்தப் பற்கள் ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ போட்டவை என்றால் பிரிட்ஜ் நல்ல முடிவு. இரண்டும் ஒரு சொத்தைகூட இல்லாத நல்ல பற்கள் என்றால், போன ஒன்றுக்காக இருக்கிற இரண்டைச் சீவுவதற்கு எனக்கு மனம் வராது, அங்கே இம்ப்ளாண்ட்தான் சரி. கீழ்த் தாடையில் ஒரு பல்கூட இல்லாத பெரியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை: முன்பக்கத்தில் இரண்டே இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து, பல் செட்டை அதன்மேல் பட்டன் மாதிரி அழுத்தி மாட்டுவது. பேசும்போதும் சாப்பிடும்போதும் செட் கழன்று ஆடுகிற தொல்லை இதில் பெரிதும் அடங்கிவிடும், வாய் முழுக்க இம்ப்ளாண்ட் வைக்கிற செலவும் இல்லை.

போவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும், அட்டையோடு, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொல்லும்போது விட்டுப்போகும்.

சர்க்கரை இருந்தால் எச்பிஏ1சி ரிப்போர்ட் கேட்பார்கள். 7-க்குள் இருந்தால் நிம்மதி, 8-ஐத் தாண்டினால் பல டாக்டர்கள் முதலில் சர்க்கரையைக் கட்டுப்படுத்திவிட்டு வரச் சொல்வார்கள், அது உங்கள் நல்லதுக்குத்தான். அன்றைக்குக் காலையில் குத்திப் பார்த்த அளவு சரியாக இருக்கிறது என்று வாதாட வேண்டாம், எலும்பு பிடிப்பதற்கு மூன்று மாதச் சராசரிதான் கணக்கு.

எலும்புத் தேய்மானத்துக்கு (ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு அடர்த்தி குறைவது) வாரம் ஒரு மாத்திரை போடுகிறவர்கள், வருடத்துக்கு ஒரு ஊசி அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போட்டவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள், தாடைப் பக்கம் கதிர்வீச்சு வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வயதான பெண்கள் பலர் அந்த மாத்திரையைக் "கால்சியம் மாத்திரை" என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பல் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயமாகவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இந்த மருந்துகள் சிலருக்குத் தாடை எலும்பில் புண் ஆறாமல் போவதற்குக் காரணமாகும்.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் அதை நிறுத்துவது பல்லை விடப் பெரிய ஆபத்து. பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

சிகரெட், பீடி, வாயில் ஒதுக்குகிற புகையிலை எதுவானாலும் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தி, குறைந்தது எலும்பு பிடிக்கும் வரை தொடாமல் இருக்க வேண்டும். பாக்கு போடுகிறவர்கள் இன்னொன்றைச் சோதித்துப் பாருங்கள்: உங்கள் நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிகிறதா? பாக்கினால் கன்னத்தின் உட்பக்கம் இறுகி வாய் திறப்பு குறைந்துபோனவர்கள் நம் ஊரில் நிறைய. கடைவாயில் டிரில் நுழைய இடம் வேண்டும். விரல் நுழையவில்லை என்றால் இம்ப்ளாண்டை விட அதுதான் முதலில் பார்க்க வேண்டிய நோய், அது புற்றுநோயாக மாறக்கூடியது.

வயது ஒரு தடை இல்லை, எண்பதிலும் வைக்கிறார்கள். சின்ன வயதுதான் தடை. தாடை வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்கு வைத்தால் மற்றப் பற்கள் வளர்ச்சியோடு நகரும், இம்ப்ளாண்ட் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும்.

டாக்டர், பணம்

நம் நாட்டில் இம்ப்ளாண்டுக்கென்று தனி எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) கிடையாது. செயற்கைப் பல், ஈறு, தாடை அறுவை ஆகிய மூன்று பிரிவுகளில் எம்.டி.எஸ். முடித்தவர்களும், தனியாகப் பயிற்சி எடுத்த பி.டி.எஸ். டாக்டர்களும் வைக்கிறார்கள். பட்டத்தைப் பார்ப்பதோடு, "நீங்கள் வைத்து ஐந்தாறு வருடம் ஆன பேஷன்ட்டின் எக்ஸ்ரே ஏதாவது, பெயரை மறைத்துக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். வைத்த அன்றைய போட்டோ அழகாகத்தான் இருக்கும், ஐந்து வருடத்துக்குப் பிறகு எலும்பு எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஸ்க்ரூ வைக்கிறவரும் கேப் போடுகிறவரும் வேறு வேறு ஆட்கள் என்றால், பிறகு பிரச்சினை வந்தால் யாரிடம் வருவது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரேட் கேட்கும்போது "ஒரு பல்லுக்கு எவ்வளவு" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். அங்கேதான் நாங்கள் மாட்டினோம். முதலில் போன ஒரு கிளினிக்கில் சொன்ன தொகை ஸ்க்ரூவுக்கு மட்டும்தான் என்பது அட்வான்ஸ் கொடுத்த பிறகே தெரிந்தது. ஸ்கேன், ஸ்க்ரூ, எலும்புத் தூள் தேவைப்பட்டால் அது, அபட்மென்ட், கேப், நடுவில் எடுக்கிற எக்ஸ்ரே, இத்தனையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கேப் எந்தப் பொருள், உலோகத்தின் மேல் பீங்கானா, ஸிர்கோனியாவா என்பதும் அதில் இருக்கட்டும். எலும்பு பிடிக்காமல் ஸ்க்ரூ கழன்றுவிட்டால் மறுபடி வைப்பதற்குப் பணம் உண்டா இல்லையா என்பதையும் எழுதிக் கேளுங்கள், நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். எலும்புத் தூளும் அதன் மேல் மூடுகிற சவ்வும் பல சமயம் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்துப் பதப்படுத்தியவை. அது உங்களுக்கு ஒப்பாது என்றால் செயற்கையாகத் தயாரித்ததும் இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளில் விபத்தில் போன பல்லைத் தவிர மற்றதற்குப் பணம் வராது. கையில் தொகை குறைவு என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள். சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தனியார் கல்லூரிகளும் ஊர் ஊராக இருக்கின்றன. மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்வார்கள், நடையும் காத்திருப்பும் அதிகம், ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு பேர் பார்ப்பார்கள்.

ஸ்கேன்

சின்ன எக்ஸ்ரே உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டுகிற சிபிசிடி ஸ்கேன் எடுத்தால்தான் எலும்பு எத்தனை மி.மீ. அகலம், கீழ்த் தாடைக்குள் ஓடுகிற நரம்பு எவ்வளவு ஆழத்தில், மேல் தாடை என்றால் சைனஸ் காற்றறை எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் தெரியும். நின்றபடியோ உட்கார்ந்தபடியோ ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அசையாமல் இருந்தால் போதும். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூவின் நுனிக்கும் நரம்புக்கும் நடுவே குறைந்தது 2 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம், பக்கத்துப் பல்லின் வேரிலிருந்து 1.5 மி.மீ. தள்ளி. எங்கள் டாக்டர் திரையில் ஸ்க்ரூவின் உருவத்தை வைத்து, "இதோ இந்தக் கறுப்பு வட்டம்தான்மா நரம்பு, நாம இங்கயே நின்னுடுவோம்" என்று அம்மாவுக்குக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அம்மாவின் பயம் போனது.

ஸ்க்ரூ வைக்கிற நாள்

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், காலை மாத்திரைகளை டாக்டர் சொன்னபடி போட்டுக்கொள்ளுங்கள், துணைக்கு ஒருவர் வரட்டும். மயக்க மருந்து தேவையில்லை, பல் பிடுங்கும்போது போடுகிற அதே மரத்துப்போகும் ஊசிதான். ஈறைக் கொஞ்சம் விலக்கி, எலும்பில் மெல்லிய டிரிலில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பெரிய டிரிலுக்குப் போவார்கள். வலி இருக்காது, அதிர்வு இருக்கும், கன்ன எலும்பு வரைக்கும் அந்த அதிர்வு கேட்கும், அதை எதிர்பார்த்துக்கொண்டு உட்காருங்கள். வாயில் உப்புநீர் கொட்டிக்கொண்டே இருக்கும், உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தண்ணீர் எலும்பு சூடாகாமல் இருக்க. 47 டிகிரிச் சூடு ஒரு நிமிடம் பட்டாலே அந்த இடத்து எலும்பு செத்துவிடும் என்பதால் டாக்டர் அவசரப்படாமல் விட்டு விட்டுத்தான் டிரில் செய்வார். கடைசியில் ஒரு சின்ன ரெஞ்ச் வைத்து ஸ்க்ரூவை முடுக்குவார்கள். அது "டக்" என்று மடங்கினால் எலும்பு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மேலே ஒரு மூடி போட்டு, இரண்டு மூன்று தையல், ஒரு எக்ஸ்ரே, முடிந்தது.

கிளம்புவதற்கு முன் ஒரு பொருளைக் கேட்டு வாங்குங்கள்: ஸ்க்ரூ வந்த பாக்கெட்டில் கம்பெனி பெயர், அளவு, லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். பத்து வருடம் கழித்து வேறு ஊரில், வேறு டாக்டரிடம் கேப் கழன்றுபோய் நிற்கும்போது, எந்தக் கம்பெனி ஸ்க்ரூ என்று தெரியாவிட்டால் பொருந்துகிற சாவி கிடைப்பதே பாடாகிவிடும். ஸ்டிக்கரை ஒரு அட்டையில் ஒட்டி, போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

முதல் பத்து நாள்

பஞ்சை அரை மணி நேரம் கடித்திருங்கள். அன்று முழுவதும் துப்ப வேண்டாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டாம், வாய் கொப்பளிக்க வேண்டாம், மூன்றும் ரத்தக் கட்டியைக் கிளப்பிவிடும். வெளியே கன்னத்தில் ஐஸை விட்டு விட்டு வையுங்கள். முதல் நாள் சூடில்லாத தயிர்சாதம், இளநீர், ஆறின கஞ்சி. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர், டாக்டர் சொன்ன மவுத்வாஷ், மற்றப் பற்களுக்கு வழக்கம்போல் பிரஷ். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் அதிகமாகத் தெரியும், பிறகு வடியும். தையலை ஏழு முதல் பத்து நாளில் பிரிப்பார்கள்.

ஒன்றை மட்டும் ஒத்திப்போடக் கூடாது. ஊசியின் மரமரப்பு சில மணி நேரத்தில் போய்விட வேண்டும். கீழ் உதடோ தாடையோ இரவு தாண்டியும் மரத்தே இருந்தால் விடிந்ததும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஸ்க்ரூ நரம்பை அழுத்துகிறது என்றால் சீக்கிரம் கொஞ்சம் வெளியே எடுப்பதில்தான் நரம்பு பிழைப்பது இருக்கிறது, "நாலு நாள்ல சரியாப் போயிடும்" என்று இருப்பது தப்பு. அடக்கினாலும் நிற்காத ரத்தம், மூன்றாம் நாளுக்கு மேல் கூடிக்கொண்டே போகிற வீக்கம், காய்ச்சல், சீழ் இவற்றுக்கும் அப்படியே.

அப்புறம் காத்திருப்பு. கீழ்த் தாடைக்கு ஏறத்தாழ 3 மாதம், மேல் தாடை எலும்பு மென்மையானது என்பதால் 4 முதல் 6 மாதம், எலும்பு வைத்துத் தைத்திருந்தால் அதற்கும் மேலே. அம்மாவுக்கு எலும்புத் தூளும் சேர்ந்ததால் மொத்தம் ஏழு மாதம் ஆனது. "ஒரே நாளில் பல்" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். சில வாய்களில், குறிப்பாக முன்பக்கத்தில், ஸ்க்ரூ இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் அன்றே தற்காலிகப் பல் வைக்க முடியும், அது பொய் இல்லை. ஆனால் ஒற்றைக் கடைவாய்ப் பல்லில் அழுத்தம் அதிகம், அங்கே அவசரப்படுத்த நான் சொல்ல மாட்டேன்.

கேப்

எலும்பு பிடித்ததா என்று எக்ஸ்ரே பார்ப்பார்கள், கருவியின் பிடியால் ஸ்க்ரூவின் தலையைத் தட்டியும் பார்ப்பார்கள். எவர்சில்வர் டம்ளரைத் தட்டினது போலக் கணீரென்ற சத்தம் வந்தால் டாக்டர் முகத்தில் சிரிப்பு வரும். பிறகு ஈறுக்கு மேலே தெரிகிற மாதிரி ஒரு மூடி மாற்றி, ஈறு அதைச் சுற்றி வடிவம் எடுக்க இரண்டு மூன்று வாரம் விட்டு, அளவு எடுப்பார்கள், களிம்பு மாதிரி ஒன்றைக் கடிக்க வைத்தோ, வாய்க்குள் கேமரா விட்டோ.

கேப்பை இரண்டு விதமாகப் பொருத்தலாம். சிமென்ட் வைத்து ஒட்டுவது ஒன்று. கேப்பின் நடுவில் ஒரு துளை விட்டு, உள்ளே சின்னத் திருகாணியால் முடுக்கி, துளையை வெள்ளை டேப்பும் பல் நிற அடைப்பும் வைத்து மூடுவது மற்றொன்று. இடம் ஒத்துக்கொண்டால் திருகாணி வகையையே கேளுங்கள். என்ன பிரச்சினை என்றாலும் உடைக்காமல் கழற்றலாம், ஈறுக்கடியில் சிமென்ட் தங்கிப் புண்ணாகிற ஆபத்தும் இல்லை. மாட்டிய அன்றைக்குக் கடித்துப் பாருங்கள். மற்றப் பற்கள் முழுதாகச் சேரும்போது இது லேசாகத் தொட்டால் போதும், இதுதான் முதலில் தட்டுகிறது என்றால் தயங்காமல் சொல்லிச் சீவச் சொல்லுங்கள். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கும், கல் கடிபட்டால் சுரீரென்று அது எச்சரிக்கும். இம்ப்ளாண்டுக்கு அது இல்லை, அதிக அழுத்தம் விழுவது உங்களுக்கே தெரியாமல் போகும். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பழக்கம் இருந்தால் இரவுக்கு ஒரு கார்டு செய்து வாங்கிவிடுங்கள்.

பிறகு தினமும்

இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழுகும், பெரும்பாலும் வலியே இல்லாமல். ஈறு நோயால் பல் போனவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம், அவர்கள் மற்றப் பற்களின் ஈறு நோயைச் சரிசெய்துவிட்டுத்தான் இம்ப்ளாண்டுக்கே வர வேண்டும். காலை, இரவு பிரஷ் போக, இரவில் கேப்பின் இரண்டு பக்கமும் சின்னக் குச்சி பிரஷ்ஷை விட்டு எடுங்கள், மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. அம்மா முதல் வாரம் "கை போகலை" என்று விட்டுவிட்டார். கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, கன்னத்தை ஒரு விரலால் ஒதுக்கி, வாயை முழுக்கத் திறக்காமல் பாதி மட்டும் திறக்கச் சொன்னதும் பிரஷ் உள்ளே போய்விட்டது. முழுக்கத் திறந்தால் கன்னம் இறுகி இடமே இருக்காது, கடைவாய்க்கு இது நல்ல வழி.

முதல் வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு டாக்டர் சொல்கிற இடைவெளியில் போய் சுத்தம் செய்து, வருடத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிடச் சொல்லுங்கள். நடுவில் ஒரு நாள் கேப் ஆடுகிற மாதிரி இருந்தால் பயந்துவிட வேண்டாம், பெரும்பாலும் உள்ளே இருக்கிற திருகாணி தளர்ந்திருக்கும், பத்து நிமிடத்தில் முடுக்கிவிடுவார்கள். அந்தப் பக்கம் மெல்லுவதை அன்றைக்கே நிறுத்திவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையை எடுத்துக்கொண்டு இரண்டு நாளுக்குள் போய்விடுங்கள். ஆட்டத்தோடு மென்றுகொண்டே இருந்தால் திருகாணி உள்ளேயே உடையும், அதை எடுப்பது பெரிய வேலை.